எண்பது

ஓடென்ஸ். ஜனவரி. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
தரைத்தளத்தில் எடை பார்க்கும் எந்திரம்
உறுமிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பகலும் இல்லை இரவும் இல்லை,
வெற்றிடம் மட்டும்தான்.
நான் அதன் காவலாள். பதினோரு வருடம்.
பம்புக்கு எண்ணெய் மாற்றுவேன், ஊசி துடைப்பேன்,
மற்றவர்கள் கண்டுபிடிக்கப்போவதை
அவர்களுக்கு முன்னால் பார்த்துவிட்டுப் பேசாமலிருப்பேன்.

சோல்ருன் கீழே வருகிறாள்,
பனிக்கட்டிப் பெட்டியில் ஆறு குப்பிகளோடு.
ஃபாரோ தீவுக்காரி. கம்பளிச் சட்டையைக்
கதவுக்கு வெளியே கழற்றச் சொன்னேன்.
போன மாதம் அவள் கொண்டுவந்த புரதத்தில்
பாதி செம்மறியாடு.
மீதியில் கொஞ்சம் அவளுடைய தோல்.

சால்மன் மீனின் செவுளிலிருந்து எடுத்தது இது.
மரபணு எழுதிவைத்த எடை ஒன்று.
மீன் உடம்பில் கிடைப்பது அதைவிட
எண்பது கூடுதல்.
எழுதியபடியே இருந்துவிட்டவர் யார்?
ரைபோசோம் கோத்து இறக்கிவிட்ட பிறகும்
வேலை கிடக்கிறது:
ஒரு முனை வெட்டுப்படும்,
எங்கோ சர்க்கரை ஒட்டும், எங்கோ கொழுப்பு,
எங்கோ ஒரு துளி மீத்தைல், எடை பதினான்கே பதினான்கு.
தோன்றல், திரிதல், கெடுதல் என்று
சொல்லும் சொல்லும் சேருமிடத்தில் நடப்பதெல்லாம்
இங்கேயும் நடக்கிறது,
நூற்பா எழுத ஆளில்லாமல்.

எண்பது என்றால் பாஸ்பேட் என்றார் தோர்கில்.
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.
பாஸ்பேட் ஒரு புள்ளி.
‘க’ தலையில் விழுந்தால் ‘க்’,
எடுத்துவிட்டால் மறுபடி ‘க’.
நாள் முழுக்க வைத்து வைத்து அழிக்கிறது செல்;
பசி, பயம், காயம், பாதிச் செய்தி
அந்தப் புள்ளி வழியாகத்தான் போகிறது.
யார் வைத்தது, யார் அழிப்பது என்று
இரண்டு வருடம் தேடினாள்.
சுவரொட்டி அச்சாகிவிட்டது.
மே மாதம் லிஸ்பனில் கூட்டம்.

ஆனால் சல்பேட்டும் எண்பது.
இரண்டுக்கும் வித்தியாசம்
ஒன்றை ஆயிரமாய்ப் பிளந்தால் ஒன்பதரைத் துண்டு.

நேற்றே நான் உடைத்துப் பார்த்திருந்தேன்.
வாயுவில் மோதவிட்டு, மெல்ல.
டைரோசினில் உட்கார்ந்த பாஸ்பேட் லேசில் எழுந்திருக்காது,
வீடு இடிந்தாலும் தூணைக் கட்டிக்கொண்டிருக்கும்.
இது முதல் தட்டிலேயே போய்விட்டது.
சுவரில் ஆணித்துளைகூட இல்லை.

அவளிடம் சொல்லவில்லை.
அவளே கொண்டுவந்திருந்தாள்
பாஸ்பேட்டை மட்டும் கழற்றும் நொதியை.
முப்பத்தேழு டிகிரி, ஒரு மணி நேரம்.
காத்திருக்கும்போது ஊர்க்கதை:
அண்ணனின் மீன்கூண்டைப் புயல் கிழித்தது,
தப்பிய சால்மன்களை ஊரே தூண்டிலோடு போய்ப் பிடித்தது,
வாரம் முழுக்க எல்லா வீட்டிலும் ஒரே வாசனை.
சிரித்தாள். காப்பியைக் குடிக்க மறந்திருந்தாள்.

திரையில் முகடு எழுந்தது
பழைய இடத்திலேயே.
எண்பதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

நாற்காலியின் சக்கரத்தைக் காலால் முன்னும் பின்னும் உருட்டினாள்
வெகுநேரம்.
“சல்பேட்டைச் செல் அழிப்பதில்லை, இல்லையா?”
“எனக்குத் தெரிந்து இல்லை. கோல்கியில் ஒருமுறை ஒட்டினால்
அந்தப் புரதம் சாகும்வரை.”
“இங்கே ஒரு தட்டில் விழுகிறதே.”
“இது உடம்பு இல்லையே.”

பிறகு,
“அப்படியானால் இது செய்தியே இல்லை.
கைப்பிடி.
வெளியே நீட்டிவைத்த கைப்பிடி.”
யார் பிடிக்க என்று நானும் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு
மாடிப்படியில் இரண்டிரண்டாய் ஏறினாள்,
பெட்டியை என் மேசையில் விட்டுவிட்டு.

ஊசியைத் துடைக்கிறேன்.
கோப்பை மூடும்முன் அடியில் ஒரு சிறு முகடு:
கெரட்டின். ஆட்டுடையது இல்லை, மனிதத் தோல்.
கையுறை போட்டவள் அவள்; எனவே
என்னுடையது.
இருக்கவேண்டிய எடையைவிடக்
கிட்டத்தட்ட ஒன்று கூடுதல்.
ஆஸ்பரஜின் இளகியிருக்கிறது.
அதற்கு நொதி எதுவும் வேண்டியதில்லை,
நாள் போனால் போதும்.

பதிவேட்டில் ‘அசுத்தம்’ என்று எழுதி
தேதி போடுகிறேன்.